கடல் இன்னிக்கு... வானம் நேத்து!

பீச்சுக்குப் போறீங்க. அலை ஒண்ணு நல்லா உருண்டு வருது. மேல மேகம் சும்மா பஞ்சு மாதிரி பிரிஞ்சு கிடக்கு. செல்போனை எடுத்து ஒரு ‘க்ளிக்’. அலையும் வந்தாச்சு, மேகமும் வந்தாச்சு. ஸ்டேட்டஸ் போட்டாச்சு. மொத்தமே பத்து செகண்ட் வேலை!

இதே படத்தை 1850-கள்ல எடுக்கணும்னா? ஒண்ணு கடல் கிடைக்கும், இல்லேன்னா மேகம் கிடைக்கும். ரெண்டும் ஒரே படத்துல உருப்படியா விழுந்தா அது லாட்டரி அடிச்ச மாதிரி. அந்தச் சமயத்தில் பாரிஸைச் சேர்ந்த ஓவியர் கம் போட்டோகிராஃபர் ஒருத்தர் ஒரு வேலை பண்ணார். கடலைத் தனியா எடுத்தார். வானத்தை வேற நேரத்தில் தனியா எடுத்தார். ரெண்டையும் ஒரே பேப்பரில், பார்க்கிறவங்களுக்குத் தெரியாத மாதிரி சேர்த்துட்டார்.

அவர் பெயர் குஸ்தாவ் லெ க்ரே. 1857-ல் இப்படி அவர் சேர்த்த படங்களில் ஒன்று, ‘பெரிய அலை, செத்’. (தெற்கு பிரான்ஸில் மத்தியதரைக் கடலோரம் இருக்கிற ஊர். ஊர் பேரே அதுதான், சிரிக்காதீங்க!) அந்தப் படத்தின் ஒரு பிரதி 1999 அக்டோபரில் லண்டன் சாதபீஸ் ஏலத்துக்கு வந்தது. போன விலை 5 லட்சத்து 7 ஆயிரத்து 500 பவுண்டு. அன்றைய தேதி வரை உலகத்தில் வேறு எந்த போட்டோவும் ஏலத்தில் அந்த விலைக்குப் போனதில்லை.

ரெண்டு படத்தை ஒட்டினதுக்கா இவ்வளவு காசு? இது திறமையா... தில்லாலங்கடியா? தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி, அந்தக் காலத்து கேமரா பட்ட பாட்டைக் கொஞ்சம் கேளுங்க.

பிரவுன் பாட்டில் ரகசியம்

ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? தண்ணியில் குளோரைடு எவ்வளவு இருக்குன்னு டைட்ரேஷன் பண்ணுவோமே, அதுல ப்யூரெட்டில் ஊத்துறது சில்வர் நைட்ரேட். அதை மட்டும் பிரவுன் கலர் பாட்டிலில் வெச்சிருப்பாங்க. கையில் ஒரு சொட்டு பட்டா, சாயங்காலத்துக்குள்ள அந்த இடம் கறுத்துப் போகும். எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. வெள்ளி உப்புக்கும் வெளிச்சத்துக்கும் இருக்கிற அந்தத் தகராறுதான் ஒட்டுமொத்த போட்டோகிராஃபிக்கும் அஸ்திவாரம். (லேபில் யாராவது இதைச் சொல்லிக் கொடுத்திருந்தா ரெக்கார்டு நோட்டை இன்னும் கொஞ்சம் ஆசையா எழுதியிருக்கலாம்!)

ஆனா அந்த வெள்ளி உப்புக்கு ஒரு குறை. அதுக்கு எல்லா நிறமும் தெரியாது. நீலம், ஊதா, அதுக்கும் அப்பால புற ஊதா... அவ்வளவுதான் அதோட உலகம். இந்த நிறங்களின் ஃபோட்டானுக்கு எனர்ஜி அதிகம், அதனால் வெள்ளி உப்பைத் தட்டி எழுப்ப முடியும். சிவப்பு, மஞ்சளுக்கெல்லாம் அந்த தம் கிடையாது. மேக்ஸ் பிளாங்க் பிறந்ததே 1858-ல்தான் என்பதால், அன்றைக்கு கேமரா தூக்கினவங்களுக்கு இந்தக் காரணம் தெரியாது. விளைவு மட்டும் நல்லாவே தெரியும்.

என்ன விளைவு? பளீர்னு இருக்கிற நீல வானத்தைப் பார்த்ததும் பிளேட்டுக்குக் கண் கூசிடும். ஒரு நொடியிலேயே அந்தப் பகுதி முழுக்க நிரம்பி வழியும். நீலமும் வெள்ளையும் அதுக்கு ஒண்ணுதான் என்பதால் மேகம் எது, வானம் எதுன்னு தெரியாது. பிரிண்ட் போட்டா வானம் இருக்கிற இடத்தில் வெறும் வெள்ளைப் பேப்பர்! அந்தக் காலத்துப் பழைய கட்டடங்களின் போட்டோவைப் பாருங்க, முக்காவாசி படத்தில் வானமே இருக்காது. திட்டுத் திட்டா அசிங்கமா விழுற வானத்துக்கு, சுத்தமான வெள்ளையே தேவலைன்னு நெகட்டிவ்ல வானப் பகுதியில் பெயின்ட் அடிச்சு மறைச்சவங்களும் உண்டு.

இன்னிக்கு நாம இதை ‘டைனமிக் ரேஞ்ச்’ பிரச்னைன்னு சொல்வோம். வானத்துக்கு சரியா வெளிச்சம் வெச்சா கடல் கறுப்பா விழும். கடலுக்கு வெச்சா வானம் காலி.

கட்டடமா இருந்தாலும் பரவாயில்லை, அது பாட்டுக்கு நிக்கும். கடல் நிக்குமா? பிரான்ஸில் டகேர் தன் கண்டுபிடிப்பை உலகத்துக்கு அறிவிச்சது 1839-ல். அதுக்கு முந்தின வருஷம் அவர் பாரிஸ் தெரு ஒன்றை எடுத்த படம் ரொம்ப ஃபேமஸ். ஜனம் நிறைஞ்ச தெரு அது. படத்திலோ ஈ காக்கா இல்லை. நகர்ந்தவங்க யாருமே பதிவாகலை. ஷூவுக்கு பாலிஷ் போட ஒரே இடத்தில் காலை நீட்டிட்டு நின்ன ஒரே ஒரு ஆள் மட்டும் தெரிவார். நடந்து போற மனுஷனுக்கே இந்தக் கதின்னா அலைக்கு? வெறும் புகைமூட்டம்தான்.

ஈதர், தேன், உப்புக்காத்து

1851-ல் இங்கிலாந்தில் ஃப்ரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்பவர் ‘வெட் கொலோடியன்’ முறையை வெளியிட்டார். வேகமும் கூடுச்சு, படமும் கண்ணாடி மாதிரி துல்லியமா வந்தது. ஏன்னா நெகட்டிவே கண்ணாடிதான்!

கேட்கத்தான் ஈஸி. செய்முறையைப் படிங்க. பஞ்சை ஆசிட்டில் ஊறவெச்சா வெடிபஞ்சு கிடைக்கும். பேருக்கு ஏத்தபடி வெடிக்கிற சாமான். அதை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைச்சு, அயோடைடு உப்பு கலந்தா பிசுபிசுன்னு ஒரு திரவம். அதைக் கண்ணாடி மேல ஊத்தி, கண்ணாடியை நாலு பக்கமும் சாய்ச்சு சாய்ச்சு தோசை மாவு மாதிரி சீரா பரவ விடணும். உடனே இருட்டுக்குள்ள போய் சில்வர் நைட்ரேட் தொட்டியில் முக்கணும். ஈரம் சொட்டச் சொட்ட கேமராவுக்குள்ள வெச்சு, படம் எடுத்து, திரும்ப இருட்டுக்கு ஓடி டெவலப் பண்ணணும். எல்லாம் பத்து, பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள! பிளேட் காய்ஞ்சா கதை முடிஞ்சுது. கடைசியா படத்தை நிலைநிறுத்த, பல பேர் பயன்படுத்தினது பொட்டாசியம் சயனைடு.

இதை ஒரு ரூமுக்குள்ள செஞ்சாலே நாக்கு தள்ளிடும். கடற்கரையில் யோசிச்சுப் பாருங்க. டெவலப் பண்ற இருட்டறையே ஒரு டென்ட்தான். காத்து அடிக்கும், டென்ட் ஆடும். பிசுபிசு பிளேட்டில் மணல் வந்து ஒட்டும். உப்புத் தண்ணி தெறிச்சா அதுல இருக்கிற குளோரைடு வெள்ளியோட சேர்ந்து வேற கெமிஸ்ட்ரி நடத்தும் (நம்ம டைட்ரேஷனேதான்!).

இத்தனையையும் மீறி அலையை முதலில் பிடிச்சவங்களில் ஒருத்தர் வேல்ஸ் நாட்டு ஜான் டில்வின் லெவெலின். போட்டோகிராஃபியின் இன்னொரு தந்தையான டால்பட் இருக்காரே, அவருடைய உறவுக்காரப் பெண் எம்மாதான் இவர் மனைவி. வீட்டிலேயே எல்லாருக்கும் இந்தப் பைத்தியம் பிடிச்சிருந்தது. லெவெலின் தன் ஊர்ப் பக்கம் கேஸ்வெல் பே கடற்கரையில் அலை உடைகிற கணத்தைப் பிடிச்சார். அந்த மாதிரி நாலு படங்களுக்கு ‘மோஷன்’னு பேர் வெச்சு 1855 பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு அனுப்பினார். வெள்ளிப் பதக்கம்! அடுத்த வருஷம், பிளேட் காயாம இருக்கிறதுக்கு அவர் ஒரு கலவை கண்டுபிடிச்சார். என்ன தெரியுமா? தேனும் வினிகரும். கிச்சன்ல இருந்தே டெக்னாலஜி எடுத்த மனுஷன்.

ஆக, அலை கிடைச்சாச்சு. மேகம்?

நிலா இல்லாத நிலா வெளிச்சம்

இப்போ நம்ம ஹீரோ. லெ க்ரே 1820-ல் பாரிஸுக்குப் பக்கத்தில் பிறந்தவர். ஓவியம் படிச்சார், அப்புறம் கேமரா பக்கம் தாவினார். சும்மா க்ளிக் பண்ற ஆள் இல்லை. பக்கா டெக்னிக்கல் பார்ட்டி. நெகட்டிவ் பேப்பரை முன்கூட்டியே மெழுகில் ஊறவைக்கிற முறையை 1851-ல் வெளியிட்டார். பேப்பர் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும், காய்ஞ்சாலும் கெடாது, முன்னாடியே தயார் பண்ணி எடுத்துட்டுப் போகலாம்.

இந்த மெழுகுத் தாள் கப்பலேறி நம்ம பக்கமும் வந்தது. மெட்ராஸ் ராணுவத்தில் கேப்டனா இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1855-ல் பர்மாவுக்குப் போனப்போ எடுத்துட்டுப் போனது மெழுகுத் தாள் நெகட்டிவ்தான். அவருக்கும் அதே வெள்ளை வானம் பிரச்னை. மனுஷன் என்ன பண்ணார்? பிரஷ்ஷை எடுத்து நெகட்டிவ் மேலேயே மேகம் வரைஞ்சுட்டார்! 1857, 58-ல் தஞ்சாவூர், மதுரைக் கோயில்களைப் படம் பிடிச்சாரே, அதே ட்ரைப்தான்.

லெ க்ரே மேகம் வரையலை. 1856-ல் நார்மண்டி கடற்கரைக்குப் போனவர், எல்லாரும் தவிர்க்கிற ஒண்ணைச் செஞ்சார். கேமராவை நேரா சூரியன் இருக்கிற திசைக்கே திருப்பினார்! எதிர் வெளிச்சத்தில் தண்ணி மேல சூரிய ஒளி பட்டு தகதகன்னு மின்னும் இல்லையா... அந்த மினுமினுப்பு வானத்துக்குச் சமமான வெளிச்சத்தில் இருக்கும். சூரியனை மேகம் கொஞ்சம் மறைச்சா இன்னும் வசதி. அப்போ ஒரே பிளேட்டில், குறைஞ்ச நேரத்தில், கடலும் மேகமும் ரெண்டுமே சிக்கும். அப்படிச் சிக்கின படம்தான் ‘நீர்மேல் கப்பல்’. நடுக்கடலில் தன்னந்தனியா ஒரு பாய்மரக் கப்பல், மேல மேகத்துக்குப் பின்னால ஒளி. பிரிண்டை நல்லா இருட்டா போட்டிருந்தார். பார்த்தவங்க, இது நிலா வெளிச்சத்தில் எடுத்ததுன்னே நம்பினாங்க. அதே வருஷம் லண்டனில் காட்சிக்கு வெச்சதும் ஏக வரவேற்பு. அந்தக் காலத்தில் அதிகம் வித்த போட்டோக்களில் அதுவும் ஒண்ணு.

ஆனா சூரியனும் மேகமும் தினமும் நம்ம டைம்டேபிளுக்கு வராதே! அதனால்தான் ரெண்டு நெகட்டிவ். இந்த யோசனையை முதலில் சொன்னது லெ க்ரே இல்லை. அவருக்குச் சில வருஷம் முன்னாடியே ஹிப்போலிட் பயார் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் சொல்லியிருந்தார். கடலில் இதைச் சாதிச்சுக் காட்டினதுதான் லெ க்ரே.

எப்படின்னு பாருங்க. முட்டை வெள்ளைக்கரு பூசி, சில்வர் நைட்ரேட்டில் நனைச்சு எடுத்த பேப்பர். அதுமேல வானத்து நெகட்டிவை வெச்சு, கீழ்ப் பாதியை மறைச்சு, வெயிலில் காட்டணும். வானம் பதிஞ்சாச்சு. இப்போ அதே பேப்பரில் கடல் நெகட்டிவ். இந்தத் தடவை மேல் பாதியை மறைக்கணும். ரெண்டும் சந்திக்கிற இடம் தொடுவானம். இங்கேதான் கடலுக்கு ஒரு சூப்பர் வசதி இருக்கு. தொடுவானம் ஒரு நேர்கோடு! மரமோ மலையோ குறுக்கே நின்னிருந்தா ஒவ்வொரு இலைக்கும் வளைஞ்சு வளைஞ்சு மறைக்கணும். கடலுக்கு ஒரு ஸ்கேல் வெச்ச மாதிரி கோடு போதும். தரையை எடுத்த படத்தை விட கடலை எடுத்த படத்தில் இந்த வித்தை இவ்வளவு கச்சிதமா பலிச்சதுக்குக் காரணம் அதுதான்னு எனக்குத் தோணுது.

இன்னொரு விஷயம். அப்போ பெருசு பண்ணி பிரிண்ட் போடுற வழக்கம் கிடையாது. நெகட்டிவ் என்ன சைஸோ, படமும் அதே சைஸ். ‘பெரிய அலை’யின் அளவு கிட்டத்தட்ட 34-க்கு 41 சென்டிமீட்டர். அப்போ அந்தக் கண்ணாடி பிளேட் எவ்வளவு பெருசு, அதை வெச்சுக்கற கேமரா எவ்வளவு பெருசுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. அதைத் தூக்கிட்டுப் போய், உடையப் போற அலையை மடக்கிப் பிடிச்சிருக்கார்!

சரி, இது போங்காட்டமா?

ஹாஸ்டலில் இதைச் சொன்னா ரெண்டு கோஷ்டி பிரியும். ‘அந்த அலைக்கு மேல அந்த மேகம் இல்லவே இல்லை. இல்லாததைக் காட்டினா அது பொய்தான்’னு ஒரு கோஷ்டி. ‘அவர் கண்ணால பார்த்தப்போ அலைக்கு மேல ஏதோ ஒரு மேகம் இருந்திருக்கும்ல? பிளேட்டுக்குத் தெரியலைன்னா அது பிளேட்டோட குத்தம். வெள்ளைப் பேப்பரை வானம்னு காட்டுறதுதான் பெரிய பொய்’னு இன்னொரு கோஷ்டி.

என் ஓட்டு ரெண்டாவது கோஷ்டிக்கு. காரணம், உங்க பாக்கெட்டிலேயே இருக்கு. செல்போனில் ஹெச்டிஆர்னு ஒண்ணு இருக்கே, அது என்ன பண்ணுது? நீங்க ஒரு தடவை பட்டனைத் தட்டினா அது பல ஃப்ரேம்களை மடமடன்னு எடுத்து, அடுக்கி, எது எங்கே நல்லா வந்திருக்கோ அதைச் சேர்த்து ஒரே படமா கையில் கொடுக்குது. லெ க்ரே நாள் கணக்கில் செஞ்சதை சிப் கண்ணிமைக்கிற நேரத்தில் செய்யுது. வித்தியாசம் ஒண்ணுதான். அவருடைய ரெண்டு நெகட்டிவுக்கும் நடுவில் இருந்த இடைவெளி பெருசு.

ஆனா அந்த ‘ஒண்ணு’ சின்ன விஷயமில்லை. லெ க்ரே தனக்குப் பிடிச்ச வானத்தை ஒரு கடலோட நிறுத்தலை. அதே மேகத்தை வேற கடல் படத்துக்கும் மாட்டியிருக்கார்! சினிமாவில் ஒரே செட்டை பெயின்ட் மாத்தி ரெண்டு படத்துக்குப் பயன்படுத்துவாங்களே, அந்த மாதிரி. இதைப் படிச்சப்போ எனக்கே கொஞ்சம் உறுத்துச்சு.

உறுத்தலுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். 2003, ஈராக் போர். பாஸ்ரா பக்கத்தில் ஒரு பிரிட்டிஷ் சிப்பாய் பொதுமக்களைப் பார்த்துக் கையை நீட்டி எச்சரிக்கிற படம் ‘லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்’ முதல் பக்கத்தில் வந்தது. பிரமாதமான படம். உற்றுப் பார்த்தா, பின்னாடி உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் சில பேர் ரெண்டு தடவை இருக்காங்க! சில நொடி இடைவெளியில் எடுத்த ரெண்டு படத்தை, பார்க்க நல்லா இருக்கணும்னு போட்டோகிராஃபர் கம்ப்யூட்டரில் ஒண்ணா சேர்த்திருந்தார். உடனடியா வேலை போச்சு.

ரெண்டு படத்தைச் சேர்த்தவர் ஒருத்தருக்கு ஏலத்தில் உலக சாதனை. இன்னொருத்தருக்கு டிஸ்மிஸ் ஆர்டர். இடைவெளியைப் பார்த்தா லெ க்ரே பண்ணதுதான் பெரிய தப்பு! ஆனா அவர் ‘இன்ன தேதி, இன்ன நேரம், இப்படித்தான் நடந்தது’ன்னு சாட்சி சொல்லலை. அவர் படத்தை வாங்கினவங்க சுவத்தில் மாட்ட வாங்கினாங்க. செய்தித்தாள் வாங்கினவங்க நம்பறதுக்கு வாங்கினாங்க. அந்த ரெண்டாவது ரகம் நம்ம வாழ்க்கையில் எக்கச்சக்கம். வெள்ளம் எவ்வளவு தூரம் வந்தது, விபத்தில் யார் வண்டி எங்கே நின்னது... எல்லாத்துக்கும் செல்போன் படம்தான் சாட்சி. 2023-ல் ஒருத்தர், வேணும்னே மங்கலாக்கின நிலா படத்தை மானிட்டரில் வெச்சு ஒரு பிரபல செல்போனால் படம் எடுத்தார். மானிட்டரில் இல்லவே இல்லாத பள்ளமெல்லாம் போட்டோவில் வந்துச்சு! லெ க்ரேயோட மேகமாவது எங்கேயோ ஒரு நாள் நிஜமா மிதந்த மேகம்.

கெய்ரோவில் ஒரு டிராயிங் மாஸ்டர்

இவ்வளவு பேர் வாங்கினவர் கோடீஸ்வரர் ஆகியிருக்கணுமே? அதுதான் இல்லை. பாரிஸின் கபுசின் சாலையில் 35-ம் நம்பர் கட்டடத்தில், ஃபைனான்ஸ் பார்ட்டிகளின் பணத்தில் பெரிய ஸ்டுடியோ போட்டார். அதே நேரத்தில் ஊர் முழுக்க வேற ஒரு அலை. 1854-ல் டிஸ்தெரி என்பவர் விசிட்டிங் கார்டு சைஸில் சின்னச் சின்ன போட்டோ எடுக்கிற முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். மலிவு விலை, பத்து நிமிஷ வேலை. ஜனங்க வரிசையில் நின்னாங்க. போட்டோகிராஃபி வியாபாரமா சுருங்கிடக் கூடாது, கலையா நிக்கணும்னு எழுதின லெ க்ரே அந்தப் பக்கமே போகலை. 1860-ல் கம்பெனியை இழுத்து மூடிட்டாங்க.

கடனோட, பெண்டாட்டி பிள்ளைகளை பாரிஸிலேயே விட்டுட்டு, ‘த்ரீ மஸ்கட்டியர்ஸ்’ எழுதிய அலெக்சாந்தர் டூமாவோட கப்பலில் ஏறினார். வழியில் சிசிலித் தீவின் பலேர்மோ நகரில், சண்டை ஓய்ந்த கையோட கரிபால்டியைப் படம் எடுத்தார். மால்டா வந்ததும் டூமாவோட சண்டை. நடு வழியிலேயே இறக்கி விட்டுட்டாங்க! லெபனான் பக்கம் சுத்தி, அலெக்ஸாண்ட்ரியா போய், கடைசியில் கெய்ரோவில் ஓவியம் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் ஆனார். 1884-ல் அங்கேயே இறந்தும் போனார். ஊருக்குத் திரும்பவே இல்லை. பிடிவாதத்துக்கு அவர் கொடுத்த விலை ரொம்ப அதிகம்தான். அந்தப் பிள்ளைகள் என்ன தப்பு பண்ணாங்கன்னும் கேட்கத் தோணுது.

அவர் படங்கள் மட்டும் பத்திரமா இருக்கு. அதுக்கு நாம நன்றி சொல்ல வேண்டிய ஆட்களில் ஒருத்தர் சான்சி ஹேர் டவுன்ஷெண்ட் என்ற ஆங்கிலேயர். சார்லஸ் டிக்கன்ஸின் நண்பர். ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலை டிக்கன்ஸ் இவருக்குத்தான் சமர்ப்பிச்சார். லெ க்ரேயின் கடல் படங்களை வாங்கின டவுன்ஷெண்ட், சுவத்தில் மாட்டாம உறைக்குள்ள வெச்சிருந்தார். 1868-ல் உயில்படி அவை அப்படியே லண்டன் மியூசியத்துக்கு வந்தன. இன்றைய விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் அதுதான். வெளிச்சம் படாம கிடந்ததால் இன்னமும் புதுசு மாதிரி இருக்கு. வெள்ளி உப்பு அப்படித்தான், பிறக்கிறதுக்கு வெளிச்சம் வேணும், பிழைக்கிறதுக்கு இருட்டு வேணும்.

‘பெரிய அலை’யை அந்த மியூசியத்தின் இணையதளத்திலேயே பெருசு பண்ணிப் பார்க்கலாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்திலும் ஒரு பிரதி இருக்கு. முதலில் அலையைப் பாருங்க, நுரை அப்படியே உறைஞ்சு நிக்கும். அப்புறம் மெதுவா மேல போய் தொடுவானத்துக்கிட்ட நில்லுங்க. அங்கே மேகம் கடலுக்குள்ள இறங்காது. கத்தரியால வெட்டின மாதிரி அந்தக் கோட்டோட நின்னுடும்.